பின்வாங்கு சார்

நான் அவரோடு பேசிய முதல் பேச்சே ஏச்சுத்தான். எழுபதுகளின் நடுப்பகுதி. இலங்கையின் மலைநாட்டில், பதுளையில் நான் படிப்பித்த தமிழ்ப் பாடசாலையில் உயர்தர வர்த்தக வகுப்புக்கு மூன்றாம் பாடம் வர்த்தகம், நான்காம் பாடம் புவியியல். புவியியல் என்னுடையது. மணி அடித்து, தேசப்படச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் உள்ளே போனால், பிள்ளைகள் எல்லாரும் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறார்கள். கடைசி வாங்கில், எங்கள் நாட்டில் பெஞ்சை வாங்கு என்போம், ஒரு நெடிய மனிதர், முழங்கால் இரண்டும் மேசையில் முட்ட, கரும்பலகையைப் பார்த்தபடி தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறார். பலகை நிறைய எழுத்து.

"யாருங்க நீங்க? எழும்புங்க, என் பாடம் தொடங்கிருச்சு" என்றேன்.

"பத்து நிமிஷம் தாங்கோ ரீச்சர். பலகையை அழிச்சுப் போடாதேங்கோ" என்றார். யாழ்ப்பாணத்து வாயில் டீச்சர் ரீச்சராகிவிடும். மாற்றலாகி வந்திருக்கும் புது வர்த்தக ஆசிரியர் இவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"எனக்கு நாப்பது நிமிஷந்தான் சார் பாடம். அதுல பத்து உங்களுக்கா? அப்ப மிச்ச முப்பதையும் நீங்களே எடுத்துக்கிட்டு புவியியலையும் படிப்பிச்சிருங்க" என்றேன். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. வாய் நீளம்.

வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். அவர் யோசித்தார். "சரிதான். உங்கட நேரத்தைத் தொடுறது பிழை" என்று எழுந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து தன் பாடத்தைப் பத்து நிமிடம் முந்தி முடித்து, பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு, தன் நேரத்திலேயே உட்கார்ந்தார். நான் வாசலுக்கு வரும்போது எழுந்து பலகையை அழித்துச் சுத்தமாகத் தருவார். ஏசியவளுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் என்னதான் செய்கிறார் என்று எங்கள் ஆசிரியர் அறையில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. தூங்குகிறார் என்றார் ஒருவர். கவிதை எழுதுகிறார் என்றார் இன்னொருவர். நான் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"இந்த இடத்தில இருந்த பிள்ளைக்கு இண்டைக்கு நான் என்ன சொல்லிக் குடுத்தனான் எண்டு பாக்கிறன்" என்றார்.

"அது உங்களுக்குத் தெரியாதா சார்? சொன்னது நீங்கதானே?"

"நான் சொன்னது எனக்குத் தெரியும். அதுக்குப் போய்ச் சேர்ந்தது என்னெண்டு தெரியாதே."

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளையின் இடம். இன்று சன்னலோரம், நாளை சுவரோரம். உட்கார்ந்து, தான் எழுதியதைத் தானே முதல் தடவை பார்ப்பவர்போல வாசிப்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து ஒரு வரி எழுதுவார். அவ்வளவுதான். பார்த்தால் ஒன்றுமில்லாத வேலை. ஆனால் அந்த ஒன்றுமில்லாத வேலையில் அவர் கண்டுபிடித்தவை எங்களை வாயடைக்க வைத்தன.

இடது பக்கத்து மூன்றாம் வாங்கில் இருக்கும் நான்கு பையன்களை நாங்கள் எல்லாரும் மக்கு என்று ஒதுக்கிவைத்திருந்தோம். நானுந்தான். ஒருநாள் அந்த வாங்கில் உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டு, "ரீச்சர், ஒருக்கால் இதில வந்து இருங்கோ" என்றார். உட்கார்ந்தேன். காலை பத்தரை மணிக்கு மலைப்பக்கத்துச் சன்னல் வழியாக வரும் வெயில் பலகையில் பட்டு, வலது பாதி முழுக்க வெறும் பளபளப்பு. ஒரு எழுத்துத் தெரியவில்லை.

"இவங்கள் மக்கில்லை. ஒரு வருசமாய் இவங்களுக்கு அரைப் பலகைதான் படிப்பிச்சிருக்கிறம்" என்றார். அன்றே பியோனைக் கூட்டிவந்து பலகையை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். நான் இரண்டு வருடமாக அதே பலகையில் தேசப்படம் கீறியவள். அந்தப் பையன்களுக்கு நான் போட்ட முட்டைகளை அன்று மத்தியானம் பதிவேட்டைப் புரட்டி எண்ணினேன்.

பிள்ளைகள் அவருக்குப் 'பின்வாங்கு சார்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். பின்னால் இருக்கும் வாங்கில் உட்காருகிறவர் என்பது ஒரு அர்த்தம். முதல்நாள் சொன்ன பாடத்தை மறுநாள் பின்வாங்கிக்கொள்கிறவர் என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது பழக்கத்தைத்தான் எங்கள் அதிபரால் பொறுக்க முடியவில்லை. வகுப்புக்குள் வந்து நின்றதும், "நேற்று நான் சொன்னதில ஒரு பிழை இருக்கு. அதைப் பின்வாங்கிறன்" என்றுதான் தொடங்குவார். வாத்தியார் பிழை விடலாம், அதைப் பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொள்ளலாமா? கல்விக் கந்தோரிலிருந்து பரிசோதனைக்கு வந்த பெரியவர், "உங்கள் கற்பித்தலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மரியாதைக்குக் கேட்டபோது, இவர் அந்தக் கொப்பியை எடுத்து அந்தத் தவணையில் தான் விட்ட பிழைகளை வரிசையாக வாசிக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற அதிபர் நெற்றியில் கை வைத்தவர் வைத்தவர்தான்.

அவருக்கு மிகவும் பிடித்த பாடம் முயற்சியாண்மை. ஒரு தொழிலைத் துணிந்து தொடங்குவது எப்படி, வாங்குகிறவர் மனதை அறிவது எப்படி என்று படிப்பிப்பது. "வாங்க வருகிறவரிடம் அவருக்கு என்ன தேவை என்று கேட்க வேண்டும், அதுதான் வியாபாரத்தின் முதல் விதி" என்று ஒருநாள் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பசாரில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியின் மகன் எழுந்து, "எங்கட வாப்பா அப்பிடிக் கேக்கமாட்டாரு சார்" என்றானாம். வகுப்புச் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குப் போய், ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு, காலையிலிருந்து பின்னேரம் வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

திங்கட்கிழமை நான் வேண்டுமென்றே வாசலில் நின்று கேட்டேன்.

"புத்தகமும் நானும் பிழை. இவன்ர வாப்பா சரி" என்று தொடங்கினார். "தோட்டத்தில இருந்து வாற பெண்டுகள் கடைக்குள்ள வந்து நிப்பினம். 'என்ன வேணும்?' எண்டு கேட்ட உடனே, ஒண்டுமில்லை எண்டு போட்டு இறங்கிப் போயிடுவினம். அவைக்கு நாள் முழுக்க அதிகாரத்தோட கேள்வி கேட்டவையைத்தான் தெரியும். அதால வாப்பா கேக்கிறேல்லை. குடிக்கத் தண்ணி குடுத்து, நாலு சேலையை விரிச்சுப் போட்டிட்டு அங்கால போயிடுறார். கேள்வி எண்டாலே பயப்படுற ஆக்கள் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியேல்லை. முதல் விதியைப் பின்வாங்கிறன்."

நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். என் அம்மா கடைவாசலில் அப்படி நின்று, அப்படியே திரும்பிய நாட்கள் எத்தனையோ. எங்கோ கடற்கரையோரம் பிறந்த இந்த மனிதருக்கு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தே அது புரிந்துவிட்டதே என்று மலைத்துப்போனேன்.

ஆனால் உள்ளே ஒரு எரிச்சலும் இருந்தது, மறைக்க மாட்டேன். அவர் பிழையை ஒத்துக்கொண்டால் 'என்ன பெரிய மனசு' என்பார்கள். நான் ஒத்துக்கொண்டால் 'தோட்டத்து டீச்சர்தானே' என்பார்கள். ஏழு வருட வேலையில் ஒரு தடவைகூட நான் வகுப்பில் என் வாயால் பிழை என்று சொன்னதில்லை. மகாவலி ஆற்றைத் தப்பான பக்கம் ஓட வைத்தாலும் ஓடட்டும் என்று விட்டிருப்பேன். அவருக்கு அது கட்டுபடியாகும், எனக்குக் கட்டுபடியாகாது என்பது என் எண்ணம்.

அந்த வருடம் அவர் ஒரு புதுவேலை தொடங்கினார். முயற்சியாண்மையைப் பலகையில் படிப்பித்துப் பயனில்லை, ஒவ்வொருவரும் ஒரு மாதம் ஒரு சின்னத் தொழில் செய்து பார்க்க வேண்டும் என்றார். ஒருவன் பண்டாரவளைப் பேரிக்காய் கொண்டுவந்து இடைவேளையில் விற்றான். இரண்டு பேர் சேர்ந்து சைக்கிள் துடைத்தார்கள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அந்தத் தோட்டத்திலிருந்து உயர்தரம் வரை வந்தவள் அவள் ஒருத்திதான். தேயிலைப் பெட்டிக்குள் போடுகிற தடித்த தாளில், பெக்டரியில் கழித்துப் போட்டதை வாங்கிவந்து, கொப்பிகளுக்கு அளவாக வெட்டி உறை செய்தாள். மழைக்கு நனையாத உறை. பாடசாலையே அவளிடம் வாங்கியது. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

பிள்ளைகளின் பேச்சை அவர் கவனித்துக் கேட்டுப் பொறுக்கிக்கொள்வார். காலையில் வேலை பிரிப்பது பெரட்டு, கொழுந்து நிறுக்கும் கொட்டகை மடுவம், வேலைப் பதிவேடு செக்ரோல் என்று தோட்டத்துச் சொற்களை அந்தக் கொப்பியில் எழுதிவைத்து வகுப்பில் பயன்படுத்துவார். பாடம் பிள்ளைகளுக்குக் கிட்ட வர வேண்டும் என்பதற்காகத்தான். அப்படிப் பொறுக்கிய ஒரு சொல்லில்தான் அவர் விழுந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. ஒவ்வொருவரும் எத்தனை தருவதாகச் சொன்னார்கள், எத்தனை தந்தார்கள் என்று பலகையில் அட்டவணை போட்டிருக்கிறார். அந்தப் பெண்பிள்ளை நாற்பது உறை தருவதாகச் சொல்லியிருந்தாள். கொண்டுவந்தது பத்தொன்பது. அவள் பெயருக்கு நேரே, கடைசி நிரலில், அவர் கொட்டை எழுத்தில் எழுதினார்: அரைப்பேர்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். வேலைக்குப் போனால் செக்ரோல் என்ற பதிவில் பேர் விழும். பறித்த கொழுந்து நிறுவைக்குக் குறைந்தால் அரைப்பேர். அரைநாள் சம்பளம்தான். சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பாதி உறை, பாதிப் பேர். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்ததாம். பிள்ளைகளை வெளியே விடும் நேரம் அதிபர் அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பியதால், அன்று மட்டும் அவர் வாங்கில் உட்காராமல் போய்விட்டார்.

நான் உள்ளே வந்தபோது பலகை அழிக்கப்படாமல் இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை மேசையில் தலை கவிழ்ந்திருந்தாள். துடைப்பானை எடுத்து, முழுப் பலகையையும் ஓங்கி ஓங்கி அழித்தேன். 'இவுங்களுக்கு நம்ம பொழப்பு ஒரு பகிடி' என்று மனதுக்குள் கறுவினேன். பிறகு ஊவாவின் மழைவீழ்ச்சியைப் பற்றி நாற்பது நிமிடம் பாடம் நடத்தினேன். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பசறைப் பக்கத்துப் பையன் ஒருவன் செய்தி கொண்டுவந்தான். அவள் படிப்பை நிறுத்திவிட்டாளாம். மாதம் முதலாந்தேதி செக்ரோலில் பேர் பதியப்போகிறாளாம். முதலாந்தேதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. பதிந்துவிட்டால் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான், பிறகு பாடசாலைப் பக்கம் திரும்பியவர்கள் யாரையும் நான் கண்டதில்லை.

அன்று நான் வகுப்புக்குப் போனபோது அவர் அந்தப் பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் பலகையின் கடைசி நிரல் நேர் எதிரே.

"ரீச்சர், செவ்வாய்க்கிழமை இந்த இடத்துக்கு முன்னால நான் என்ன எழுதியிருந்தனான்? எவ்வளவு யோசிச்சும் எண்கள் மட்டுந்தான் ஞாபகம் வருது. கொப்பியில பாத்தன், 'நல்ல பாடம், பிள்ளையள் சிரிச்சவை' எண்டுதான் எழுதிவைச்சிருக்கிறன்."

"அரைப்பேர்னு எழுதியிருந்தீங்க. நாந்தான் அழிச்சேன்" என்றேன்.

"அது பிழையான சொல்லோ? பாதி எண்டுதானே கருத்து?"

அதற்குமேல் எனக்கு அடக்க முடியவில்லை. "பாதின்னு உங்களுக்கு சார். எங்களுக்கு அது பாதி இல்ல. காலையில இருந்து இருட்டுற வரைக்கும் மலையில நின்னுட்டு வந்தவள, நீ பாதி ஆளுதான்னு எல்லாருக்கும் முன்னால சொல்றது. மடுவத்துல அந்த வார்த்தையக் கேட்டுட்டு எங்கம்மா வீட்டுக்கு வந்து அழுதத நான் பாத்திருக்கேன். உங்களுக்கு அது பாடத்துக்கு ஒரு தமாஷா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "நீங்கள் ஏன் அண்டைக்கே எனக்குச் சொல்லேல்லை?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் தேசப்படச் சுருளைக் கை மாற்றிப் பிடித்தேன். அவர் கொப்பியை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'ரீச்சர் எனக்குச் சொல்லப் பயப்பட்டிருக்கிறா. அதுவும் என் பிழை' என்றிருந்தது.

"பயமெல்லாம் இல்ல சார். கோவம்" என்றேன்.

'பயப்பட்டிருக்கிறா' என்பதை வெட்டி, 'கோபப்பட்டிருக்கிறா' என்று எழுதினார். அந்த நிலையிலும் சரியாக எழுத வேண்டும் அந்த மனிதருக்கு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் ஏற்றம். எனக்குப் பழகிய பாதை மாதிரித்தான், அவருக்கு மூச்சு வாங்கியது. லயத்து முன்விறாந்தையில், இஸ்தோப்பு என்போம், அந்தப் பிள்ளையின் தகப்பனார் சாக்கு விரித்துக் கொடுத்தார். தாய் வெறுந்தேத்தண்ணியும் சீனியும் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"சார் இம்புட்டுத் தூரம் வந்தது சந்தோசங்க. ஆனா ஒண்ணாந்தேதி பேர் பதியிறதா கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லிப்புட்டேன். படிச்சது போதும்னு அவளே சொல்றா" என்றார் தகப்பனார்.

"அவள் அப்பிடிச் சொல்ல வைச்சது நான்தான்" என்றார் இவர். எழுதியதையும், வகுப்புச் சிரித்ததையும், தானும் சேர்ந்து சிரித்ததையும் ஒளிக்காமல் சொன்னார். "உங்கட சொல்லை, அதின்ர பாரம் தெரியாமல் எடுத்து விளையாடிப் போட்டன். பெரிய பிழை."

தகப்பனாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அதெல்லாம் எதுக்குங்க சார் சொல்லிக்கிட்டு, தேத்தண்ணியக் குடிங்க" என்று தடுமாறினார். அந்த மனிதரின் ஆயுளில் கால்சட்டை போட்ட ஒருவர் அவரிடம் பிழை என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"சொல்லட்டும்" என்றார் தாய்.

பிறகு தாயே பேசினார். "திங்கக்கெழம சின்னவனுக்குக் காய்ச்சல் சார். பகல் நிறுவைக்கு அப்புறம் அவனப் பாக்க ஓடியாந்தேன். திரும்பி மலைக்குப் போறதுக்குள்ள மழ புடிச்சுக்கிச்சு. கொழுந்து கொறஞ்சிருச்சு. அரைப்பேர்னுட்டாங்க. வந்து இவகிட்டதான் சொல்லி அழுதேன். அரை ஆளாவா நின்னேன் அந்த மழையில? முழு ஆளாத்தான சார் நின்னேன்? அவ உறை வெட்டுறத விட்டுட்டு, தம்பியத் தூக்கி வச்சுக்கிட்டு, சோத்தையும் ஆக்கிப்புட்டு, ராவுலதான் முடிஞ்சத வெட்டுனா. மறுநாள் வந்து சொல்றா, பள்ளிக்கூடத்துலயும் அரைப்பேர் போட்டுட்டாங்கம்மா, அங்கயும் அதான்னா எதுக்கு பஸ்ஸுக்குப் போய்க்கிட்டு, ஒன்னோட மலைக்கே வந்துர்றேன்னு."

சார் மடியில் கொப்பி திறந்திருந்தது. ஒன்றும் எழுதவில்லை. மெதுவாக மூடிப் பையில் வைத்தார்.

"நாளைக்கு அதைத் திருத்துறன் அம்மா. எல்லாருக்கும் முன்னால."

"செக்ரோல்ல ஏறினத யாரும் திருத்தி நாங்க பாத்ததில்லைங்க" என்றார் தகப்பனார்.

"இது செக்ரோல் இல்லை. என்ர பலகை."

தாய் அவரையே பார்த்தார். "அப்ப நான் வந்து பாக்கணும் சார். பாத்துட்டுத்தான் பேர் பதியிறதா வேணாமான்னு சொல்லுவேன்."

திங்கட்கிழமை மூன்றாம் பாடத்துக்கு என்னுடைய வேறு வகுப்பை எழுத்துவேலையில் விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றேன். அந்த அம்மா மகளோடு வந்திருந்தார். வெளுத்த சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அவர் அந்த அம்மாவைக் கடைசி வாங்கில் இருத்தினார். பிள்ளை தன் இடத்தில் உட்கார்ந்தாள், தலை நிமிரவில்லை.

அவர் அதே அட்டவணையை மறுபடி கீறினார். அதே எண்கள். கடைசி நிரலில் அதே கொட்டை எழுத்தில் 'அரைப்பேர்' என்று எழுதினார். ஒருவன் சிரிக்கத் தொடங்கி, பின்னால் இருந்தவரைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"ஒரு பாடத்தைப் பின்வாங்கிறன்" என்றார். பிள்ளைகள் தனக்கு வைத்த பட்டம் தெரியும் என்பது அந்தக் குரலில் இருந்தது. "நாற்பது எண்டு சொல்லிப் பத்தொன்பது வந்தது. அது எண். அதை நான் மாத்தப் போறேல்லை, மாத்தினால் அது பொய். ஆனால் ஏன் குறைஞ்சது எண்டு நான் கேக்கேல்லை. நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சி எண்டு உங்களுக்கு நாலும் படிப்பிச்சனான். அண்டைக்கு அவளின்ர வீட்டில காய்ச்சல்காரப் பிள்ளையைப் பாத்து, சமைச்சு, அதுக்குப் பிறகும் இருந்து வெட்டினதுதான் இந்தப் பத்தொன்பது. அதைத்தான் உழைப்பு எண்டு சொல்லுறது. உறை பாதி வந்தது. ஆள் பாதி வரேல்லை. உறையை எண்ணின எனக்கு ஆளை எண்ணத் தெரியேல்லை. பிள்ளை, அம்மா, ரெண்டு பேரும் என்னை மன்னிக்க வேணும்."

துடைப்பானை எடுக்கவில்லை. உள்ளங்கையால் 'அரைப்' என்பதை மட்டும் அழித்தார். பலகையில் 'பேர்' மிஞ்சி நின்றது.

எத்தனையோ பெரிய மனிதர்களின் பேச்சுகளைப் பிறகு கேட்டிருக்கிறேன். அந்தச் சோக்குத்தூள் படிந்த கைக்கு முன்னால் ஒன்றும் நிற்காது. அந்த இடத்திலேயே எனக்கு ஒன்று தோன்றியது. இதைச் செய்வதற்கு யாழ்ப்பாணத்தானாகவும் பிறக்க வேண்டியதில்லை, லயத்தானாகவும் பிறக்க வேண்டியதில்லை. நான் ஏழு வருடமாக எனக்குக் கட்டுபடியாகாது என்று சொல்லிக்கொண்டது வெறும் சாட்டு.

பத்து நிமிடம் முந்தியே பிள்ளைகளை வெளியே விட்டார். அந்தப் பெண்பிள்ளை எழுந்து, தாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மற்றவர்களோடு குழாயடிக்குப் போனாள். தலை நிமிர்ந்திருந்தது. அவர் வழக்கம்போலப் பின்னால் போய், அந்த அம்மாவுக்கு மரியாதைக்கு இடம் விட்டு, வாங்கின் மறு நுனியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பலகையைப் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். உதடு அசைவதைப் பார்த்தேன். "பே... ர்."

மணி அடித்தது. நான் தேசப்படத்தோடு உள்ளே போனேன். அவர் அவசரமாக எழுந்தார்.

"இருங்க சார்" என்றேன். "பத்து நிமிஷம் எடுத்துக்கங்க."

நானும் போய் நடுவில் உட்கார்ந்தேன். சின்ன வாங்கு, முழங்கால் மேசையில் இடித்தது. அந்த அம்மா என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணாந்தேதி அவ பேர் இங்கதான் இருக்கும்னு அவங்கப்பாகிட்ட சொல்லிர்றேன் டீச்சர்."

வேலைநாளில் மலைக்குப் போகாமல் பதுளைக்கு வந்தவர் அவர். தோட்டத்துச் செக்ரோலில் அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்கூட இல்லை. அவர் பலகையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் பலகையை அழிக்கவும் இல்லை, தேசப்படத்தை விரிக்கவும் இல்லை.